மூணாறு மூதாட்டியின் மறதியை எந்த மொழியில் அளப்பது?

புதுதில்லி: இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுடன் வாழ்வதாக, தில்லி எய்ம்ஸ் பங்கேற்ற நாடு தழுவிய ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதாகவும் அந்த ஆய்வு தெரிவித்தது.

நாட்டின் மொத்தக் கணக்கை ஆய்வுகள் தந்துவிடலாம். ஆனால், ஒரு குறிப்பிட்ட முதியவருக்கு வந்திருப்பது மறதி நோய்தானா என்பதை, மருத்துவர் ஒருவர் அவரை நேரில் அமர்த்திக் கேள்விகள் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அக்கேள்விகள் எந்த மொழியில், எத்தகைய வாழ்க்கையை மனதில் கொண்டு கேட்கப்படுகின்றன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டம், மூணாறு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்த தமிழர்களின் நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

எந்த மாவட்டம், எந்த மாநிலம்?: நினைவாற்றலை அளக்க உலகெங்கும் பரவலாகப் பயன்படும் 30 மதிப்பெண் தேர்வு, 1975-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இன்று என்ன தேதி, என்ன மாதம், இப்போது இருக்கும் ஊர் எது, மாநிலம் எது என்பன அதன் தொடக்கக் கேள்விகள். பின்னர் மூன்று சொற்களைக் கூறிச் சிறிது நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும், ஒரு படத்தைப் பார்த்து வரையவும் சொல்வார்கள்.

மூணாறு அருகே ஒரு தோட்டத்தில் 1945-இல் பிறந்து, பள்ளி செல்லாமல் கொழுந்து பறிக்கப் போன ஒரு பெண்ணின் முன் இக்கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். அவர் பிறந்தபோது அந்த மண் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949-இல் அது திருவிதாங்கூர் - கொச்சி ஆயிற்று. 1956-இல் மாநிலங்கள் மொழிவழியில் சீரமைக்கப்பட்டபோது, மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும், தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. கோட்டயம் மாவட்டத்தில் இருந்த தேவிகுளம் வட்டம், 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. தோட்டத்து லயத்தை விட்டு நகராமலேயே அவருக்கு நான்கு முகவரிகள்.

அவரிடம் மாவட்டம் எதுவென்று கேட்டால் "கோட்டயம்" என்று பதில் வரலாம். மாதம் எதுவென்று கேட்டால் "ஆவணி" என்பார். கேட்பவரோ "சிங்ஙம்" என்றோ "ஆகஸ்ட்" என்றோ எதிர்பார்த்திருப்பார். இப்பதில்கள் நோயின் அறிகுறியா, எழுத்தறியாத ஒருவரின் நெடுநாள் வழக்கமா என்பதைத் தாளில் உள்ள மதிப்பெண் காட்டாது. சென்ற ஆண்டு வரை அவர் எப்படிப் பேசி வந்தார் என்பதை அறிந்தவர் உடனிருந்து சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

பல்லப்கர் கற்றுத்தந்த பாடம்: இச்சிக்கலைத் தலைநகருக்கு அருகிலேயே ஆய்வாளர்கள் முன்பே எதிர்கொண்டனர். ஹரியாணா மாநிலம் பல்லப்கர் கிராமங்களில் இந்திய - அமெரிக்கக் கூட்டாய்வுக் குழுவினர் எழுத்தறிவற்ற முதியவர்களுக்காக அத்தேர்வை இந்தியில் மாற்றியமைத்து, 1995-இல் வெளியிட்டனர். எழுதச் சொல்வதற்குப் பதிலாகத் தன் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் சொன்னார்கள். அட்டையைப் படித்து அதன்படி செய்யச் சொல்வதற்குப் பதிலாக, "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்றார்கள். முதியவரின் அன்றாடச் செயல்பாடு பற்றிக் குடும்பத்தாரிடம் கேட்கும் தனி வினாத்தொகுப்பையும் அதே ஆய்வு தந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பின்னர் நாடு முழுமைக்கும் பொதுவான நினைவாற்றல் தேர்வுத் தொகுப்பை உருவாக்க முற்பட்டது. அதன் வடிவமைப்பை விளக்கி 2020-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இந்தி, வங்கம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகள் இடம்பெற்றன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை.

அதற்காகத் தமிழில் தேர்வே இல்லை என்று பொருளல்ல. அடன்புரூக்ஸ் எனப்படும் 100 மதிப்பெண் தேர்வின் மூன்றாம் பதிப்பு, தமிழ் உள்பட ஏழு மொழி வடிவங்களில் இந்தியாவில் தகவமைக்கப்பட்டதாக 2020-இல் மற்றோர் ஆய்வு வெளியானது. ஆனால் அதில் படிக்கும், எழுதும் பகுதிகள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சமூக அளவில் பயன்படுத்த உருவாக்கிய எளிய வினாத்தொகுப்பு 2009-இல் வெளியானது. முதியவருக்கு ஒன்று, அவரை அறிந்த உறவினருக்கு ஒன்று என அது இரண்டு பகுதிகளைக் கொண்டது. மூணாற்றிலிருந்து கோட்டயத்துக்கோ தேனிக்கோ முதியவரை அழைத்துச் செல்லும் குடும்பம், "தமிழில் தேர்வு நடத்த முடியுமா? எழுத்தறியாதவருக்கான வினாக்கள் உள்ளனவா?" என்று முன்கூட்டியே கேட்பது அவசியம். மகனோ பேத்தியோ அருகில் அமர்ந்து மொழிபெயர்க்கும்போது, அறியாமலேயே விடைக்கான குறிப்பும் சேர்ந்து போய்விடும்.

குடும்பம் செய்ய வேண்டியவை: பரிசோதனைக்கு ஆயத்தப்படுத்துவது என்றதும் பலர் தேதியையும் கிழமையையும் முதியவருக்கு மனப்பாடம் செய்விக்க முனைகின்றனர். இது தீங்கானது. பாடம் படித்த விடை உண்மையான நிலையை மறைத்துவிடும். அடிக்கடி கேள்வி கேட்பது அவரது அச்சத்தைக் கூட்டிவிடும். அதேபோல, வேறு காரணம் சொல்லி ஏமாற்றி அழைத்துச் செல்வதும் நம்பிக்கையைக் குலைக்கும். "மறதி கொஞ்சம் கூடியிருக்கும்மா, காரணம் என்னவென்று டாக்டரிடம் கேட்டுவிடலாம்" என்று நேராகச் சொல்வதே நல்லது.

குடும்பத்தினர் தயாரிக்க வேண்டியது ஒரு பக்கக் குறிப்புதான். மறதி எப்போது தொடங்கியது, திடீரென வந்ததா, சிறிது சிறிதாகக் கூடியதா என்பது முதலில் இடம்பெற வேண்டும். அடுப்பை அணைக்க மறப்பது, கடையில் மீதிப் பணம் எண்ணத் தடுமாறுவது, பழகிய பாதையில் வழி தவறுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போன்ற நிகழ்வுகளை ஏறத்தாழ எந்த மாதம் நடந்தவை என்ற குறிப்புடன் எழுத வேண்டும். முன்பு அவர் எவற்றைத் திறம்படச் செய்தார் என்பதும் முக்கியம். பறித்த கொழுந்தின் எடையையும் அதற்குரிய கூலியையும் மனக்கணக்காகவே சொல்லி வந்தவர் இன்று தடுமாறினால், அது எந்த எழுத்துத் தேர்வையும்விடத் தெளிவான தகவலாகும்.

ஓய்வுக்குப் பின் தோட்டத்து வீட்டைக் காலி செய்து தேனி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் குடியேறியவர்கள் பலர். புதிய வீட்டில் இரவில் கழிப்பறைக்கு வழி தெரியாமல் ஒருவர் தடுமாறினால், வீடு மாறுவதற்கு முன்பே அவ்வாறு இருந்ததா என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உள்பட, ஒரு பையில் எடுத்துச் செல்வது நலம். கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை மறக்கக் கூடாது. கேள்வியே காதில் விழாதவருக்குக் கிடைக்கும் குறைந்த மதிப்பெண், செவித்திறனைத்தான் காட்டும். மலைப்பாதைப் பயணத்தில் வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரைகளில் சில, முதியவர்களுக்கு மயக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடியவை. பரிசோதனை நாளில் அவற்றைத் தருவது குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் முந்தைய நாளே சென்று தங்கி, நன்கு உறங்கி, உணவு உண்டபின் காலையில் பரிசோதனைக்குச் செல்வது சிறந்தது.

எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல: தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள் போன்றவையும் மறதியை உண்டாக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். எனவே ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் மதிப்பீட்டின் பகுதிகளே. சில நாள்களுக்குள் திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால், அது நோய்த்தொற்று போன்ற அவசர நிலையாக இருக்கலாம். அப்போது நினைவாற்றல் பரிசோதனைக்கு நாள் குறித்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டம் சொல்வது: 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. சிகிச்சைக்கான ஒப்புதலை, சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் விளக்கிய பின்னரே பெற வேண்டும் என்கிறது அச்சட்டம். ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டதை மட்டும் வைத்து, நீதிமன்றம் அறிவிக்காத வரை, அவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கொள்ளக் கூடாது என்றும் கூறுகிறது. வைப்புநிதியும் பணிக்கொடையுமே வாழ்நாள் சேமிப்பாக உள்ள குடும்பங்களில், மருத்துவச் சீட்டைக் காட்டி முதியவரின் கைநாட்டை வாங்கிவிட முயல்வோருக்கு எதிரான பாதுகாப்பு இது. நோய் முற்றுவதற்கு முன்பே, தனக்காகப் பேசும் பிரதிநிதி ஒருவரை அவரே நியமிக்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது.

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் இடமளிக்கிறது. மனுவுக்குக் கிடைத்துள்ள இந்த உரிமை, மருத்துவமனையில் நினைவாற்றலைச் சோதிக்கும் அறை வரை எட்டுவதே நியாயம்.

மறதி நோய் விழிப்புணர்வில் கேரளம் முன்னோடி மாநிலம். இந்திய அல்சைமர் சங்கம் 1992-இல் தோன்றியது அங்கேதான். மாநில அரசின் சமூக நீதித் துறை 2014-இல் 'ஸ்மிருதிபதம்' திட்டத்தைத் தொடங்கியது. இடுக்கியின் மலைத்தோட்டங்களில் தமிழ் வினாத்தொகுப்பும், அதை நடத்தப் பயிற்சி பெற்ற தமிழறிந்த பணியாளரும் கிடைக்கச் செய்வது அம்மாநிலத்துக்கு இயலாததன்று. வேலூரின் அனுபவத்தையும், எல்லையோரத் தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் உதவியையும் தமிழக அரசு முன்வந்து வழங்கலாம். தேசியத் தொகுப்பில் தமிழின் இடம் குறித்து, இரு மாநில எம்.பி.க்களும் நாடாளுமன்றத்தில் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் கேள்வி எழுப்பலாம்.

அதுவரை, முதல் ஆலோசனை தேவைப்படும் குடும்பங்கள், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். அது தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் செயல்படுகிறது.