ஒரு வட்டில் இரு முறைமைகள்

கணனியொன்றின்கண் ஒரு வேளையில் ஒரு பணிசெயல் முறைமையே ஆட்சி செலுத்தும். ஆயினும், அதன் வன்வட்டில் இரண்டு முறைமைகள் குடியிருத்தற்குத் தடை யாதுமில்லை. கணனியை இயக்கியவுடன் திரையிலே தோன்றும் பட்டியலில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பின், அது எழுந்து ஆட்சியை ஏற்கும். மற்றையது அடுத்த முறை அழைக்கப்படுங்காறும் செயலற்று வட்டிற் கிடக்கும். இவ்வாறு அமைந்ததனை இருதொடக்கக் கணனி என வழங்கலாம். கணனிக் கல்வி பயிலும் உயர்தர வகுப்பு மாணவரிடத்தும், சிக்கனங் கருதி லினக்ஸை நாடும் ஆசிரியரிடத்தும் இத்தகைய கணனிகளை இக்காலத்துக் காண்கின்றோம்.

இதனைக் கையாள்வோர் விரைவிலே ஒரு வினாவை எதிர்கொள்வர். லினக்ஸிலிருந்து பணியாற்றுங்கால், விண்டோஸிற் சேமித்து வைத்த கட்டுரையொன்று வேண்டியதாகின்றது. அதனை எடுத்தல் இயலுமா? இயலுமெனின், திருத்தி மீண்டும் அங்கேயே வைத்தல் தகுமா? இவ்வினாவுக்கு இணைவினாவொன்றும் உண்டு. அதனைக் கேட்போர் மிகச் சிலரே. நாம் எடுத்தல் இயலுமெனின், நம் கணனியின்முன் வந்தமரும் பிறரும் எடுத்தல் இயலுமன்றோ? கடவுச்சொல்லொன்றை இட்ட அளவிலே தம் கோப்புகள் காக்கப்பட்டன என்று கருதுவார்க்கு இவ்விரண்டாம் வினா இன்றியமையாதது. இரண்டுக்கும் விடை காண்டற்குப் பிரிவு என்பது யாது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

வட்டினைப் பிரித்தல் என்றவுடன், அதனுள்ளே சுவரெழுப்பி இரண்டாக்குதல் போலும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அஃதன்று. வட்டின் தொடக்கத்தே சிறிய அட்டவணையொன்று உளது. பிரிவு எவ்விடத்தில் தொடங்குகின்றது, எத்துணை நீளமுடையது, எவ்வகையினது என்னும் குறிப்புகளே அதன்கண் எழுதப்பட்டிருக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணனிகளில் 1983 ஆம் ஆண்டிற் புகுந்த பழைய அட்டவணை நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மாத்திரமே இடமளித்தது. இக்காலத்து வழங்கும் ஜி.பி.ரீ. என்னும் அட்டவணை பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடமளிக்கும். எண்ணிக்கை யாதாயினும் தன்மை ஒன்றே. காணியொன்றை உடன்பிறந்தார் இருவருக்கு உறுதியெழுதிப் பங்கிட்டு, வேலியடைக்காது விட்டாற் போல்வது இது. உறுதியில் எல்லை உண்டு, நிலத்தில் இல்லை. ஒருவர் பங்கில் மற்றவர் காலடி வைப்பதைத் தடுப்பது உறுதியை மதிக்கும் பண்பேயன்றி வேறன்று.

ஆகவே, ஆட்சியிலிருக்கும் முறைமை வட்டின் எப்பகுதியையும் வாசிக்க வல்லது. வாசித்ததை விளங்கிக்கொள்ள வல்லதா என்பதே கேள்வி. வட்டின்மீது உள்ளவை 0, 1 என்னும் இலக்கங்களின் நீண்ட வரிசைகளே. எக்கோப்பு எங்கே தொடங்குகின்றது, அதன் துண்டுகள் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றன, அதற்கு உரியவர் யாவர் என்பனவற்றைக் குறித்துவைக்கும் ஒழுங்கினைக் கோப்பு முறைமை என்பர். மொழிக்கு இலக்கணம் எவ்வாறோ, வட்டிற்கு இஃது அவ்வாறு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் 1977 ஆம் ஆண்டளவில் தோன்றிய ஃபாட் என்பது எளிய இலக்கணம். 1993 இல் விண்டோஸ் என்.ரீ.யுடன் வந்த என்.ரீ.எவ்.எஸ். விரிந்த இலக்கணம். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் தனக்கெனத் தனி மரபை வளர்த்துக்கொண்டது. அம்மரபில் 2008 ஆம் ஆண்டின் இறுதியில் நிலைபெற்ற எக்ஸ்ட்-4 இன்று பரவலாகக் கையாளப்படுகின்றது.

இவ்விடத்தே ஓர் ஒப்பின்மை உளது. லினக்ஸ் அயலாரின் இலக்கணங்களை ஆர்வத்தோடு கற்றது. என்.ரீ.எவ்.எஸ்.ஸின் உள்ளமைப்பை மைக்ரோசொப்ட் முழுமையாக வெளியிடாதிருந்தமையால், ஆர்வலர்கள் வட்டுகளை நுணுகி ஆராய்ந்தே அதனை அறிய வேண்டியதாயிற்று. படித்தல் முன்னரே கைகூடியது. பழுதின்றி எழுதுதல் நெடுங்காலம் கைகூடவில்லை. 2006 இல் வெளிப்பட்டு 2007 இல் நிலைபெற்ற என்.ரீ.எவ்.எஸ்.-3ஜி என்னும் செயலி அக்குறையைப் போக்கியது. பின்னர்ப் பராகன் நிறுவனத்தார் எழுதி வழங்கிய வேறொரு செயலி 2021 இல் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது.

விண்டோஸோ அத்துணை ஆர்வங் காட்டவில்லை. எக்ஸ்ட்-4 பிரிவினுள் உள்ளவற்றை அது தானாகக் காட்டுவதில்லை. சில வேளைகளில், ‘இவ்வட்டினைப் பயன்படுத்துமுன் வடிவமைத்தல் வேண்டும்’ என்னும் கருத்துப்பட அறிவித்தலொன்றையும் திரையில் இடும். தனக்கு விளங்காததை வெற்றிடம் எனக் கொள்ளும் இவ்வறிவித்தலுக்கு ‘ஆம்’ என்று விடையளித்தல், அறியாத மொழியில் எழுதப்பட்ட ஏட்டினைக் குப்பையென்று அடுப்பிலிடுதலை ஒக்கும். விண்டோஸ் 11 இல், லினக்ஸுக்கான துணைமுறைமை வாயிலாக எக்ஸ்ட்-4 வட்டினை இணைத்துப் படித்தற்கு வழியொன்று அமைக்கப்பட்டுள்ளது. எனினும், அவ்வழி முழு வட்டுகளுக்கே உரியது. விண்டோஸ் எழுந்த அதே வட்டிலுள்ள பிரிவை அவ்வாறு இணைத்தல் இயலாது. மடிக்கணனிகளிற் பெரும்பாலும் வட்டு ஒன்றே இருத்தலின், வேண்டுவார்க்கே இவ்வழி உதவாது போகின்றது. பிறர் ஆக்கிய செயலிகளும் உள. அவற்றைப் படித்தற்கு மாத்திரங் கொள்ளுதல் நலம். சுருங்கக் கூறின், கோப்புகளை எடுத்தலும் வைத்தலும் லினக்ஸின் பக்கத்திலிருந்தே செய்யத்தக்கன.

செய்யும் முறை கடினமானதன்று. விண்டோஸ் ஒவ்வொரு பிரிவுக்கும் ‘சி’, ‘டி’ என எழுத்திட்டு வேறு வேறாக வைக்கும். (முதலிரண்டு எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டமையால் வன்வட்டு மூன்றாம் எழுத்தைப் பெற்றது, நெகிழ்வட்டு மறைந்தும் வழக்கு மறையவில்லை.) லினக்ஸ், யுனிக்ஸ் மரபைப் பின்பற்றி, அனைத்தையும் ஒரே மரமாகக் கொள்ளும், அயற்பிரிவு அம்மரத்தின் கிளையொன்றில் ஒட்டுமரம் போற் பொருத்தப்படும். இதுவே இணைத்தல் எனப்படுவது. உபுண்டு போன்றவற்றிற் கோப்பு உலாவியின் ஓரத்தே காணப்படும் பிரிவின் பெயரைச் சொடுக்கிய அளவில் இணைப்பு நிகழ்ந்து, விண்டோஸின் கோப்புறைகள் கண்முன் விரியும்.

இனி, பலர் இடர்ப்படும் இடத்திற்கு வருவோம். நேற்று வரை எழுதத் தந்த பிரிவு இன்று படிக்க மாத்திரம் தரும். அன்றி, இணைப்பதற்கே மறுக்கும். வட்டுப் பழுதடைந்தது என்று அஞ்சுவாரும் உளர். காரணம் பெரும்பாலும் வேறு. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 தொடக்கம் விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடொன்று உளது. நாம் கணனியை நிறுத்தும்போது, விண்டோஸ் முற்றாக நீங்குவதில்லை; தன் உட்கருவின் நினைவை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகின்றது. மறுநாள் அந்நினைவையே மீட்டுக்கொண்டு விரைவாய் எழுகின்றது. எக்கோப்பு எங்கே உளது என்பது பற்றி உறங்குமுன் அது கொண்டிருந்த எண்ணமும் அந்நினைவில் அடங்கும். இடையிலே லினக்ஸ் எழுந்து அப்பிரிவிற் புதிய கோப்பொன்றை எழுதிவிடின் யாது நிகழும்? துயிலெழுந்த விண்டோஸ் தன் பழைய கணக்கின்படியே வட்டை நடத்தும். லினக்ஸ் எழுதிய இடத்தை வெற்றிடமென நம்பி அதன்மேல் எழுதுதலுங் கூடும். கோப்புக் காணாமற் போதல் ஒருபுறமாக, பிரிவின் அமைப்பே குலைதலும் உண்டு. விண்டோஸ் இணைத்து வைத்திருந்த ஏனைய என்.ரீ.எவ்.எஸ். பிரிவுகளுக்கும் இவ்விடர் உரியது. என்.ரீ.எவ்.எஸ்.-3ஜி எழுத மறுத்தல் இது பற்றியே. அம்மறுப்பைப் பகையென்று கொண்டு, உறக்கக் கோப்பை அழித்தேனும் இணைக்குமாறு கட்டளையிடும் உபாயத்தைச் சிலர் கற்பிப்பர். உறங்கும் முறைமையில் மூடாது விடப்பட்ட வேலை யாதேனும் இருப்பின் அது அத்துடன் ஒழியும் என்பதை அவர் கூறுவதில்லை.

இதில் நகைப்புக்குரியதொன்று உண்டு. நிறுத்துக என்னும் கட்டளை விண்டோஸை உறங்கச் செய்கின்றது; மீளத் தொடங்குக என்னும் கட்டளையே அதனை முற்றாக நீங்கச் செய்கின்றது. ஆகவே, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குச் செல்வார் மீளத் தொடங்குக என்பதைக் கொள்ளுதல் வேண்டும். ஷிப்ட் விசையை அழுத்தியவாறு நிறுத்தினும் முழு நிறுத்தம் கிட்டும். இருதொடக்கக் கணனியில் விரைவுத் தொடக்கத்தை நிரந்தரமாக நீக்கிவிடுதலே யாம் தக்கதெனக் கருதுவது. சில வினாடிகளின் ஊதியத்துக்காக ஓராண்டின் பாடக்குறிப்புகளைப் பணயம் வைத்தல் வேண்டா.

இணைவினாவுக்கு வருவோம். ஆசிரியரொருவர் தவணைப் பரீட்சை வினாத்தாளை விண்டோஸிலே தம் பெயரிலமைந்த கணக்கில் வைத்துக் கடவுச்சொல்லும் இட்டுள்ளார் எனக் கொள்க. பிற கணக்கினர் விண்டோஸினுள் நுழைந்து அக்கோப்பைத் திறக்க முயலின் அனுமதி மறுக்கப்படும். ஆயின், மறுப்பது யார்? வட்டன்று, விண்டோஸே. கோப்பின் அருகே இன்னாருக்கு உரியது என்னும் குறிப்பு எழுதப்பட்டுளது. அக்குறிப்பை மதித்து நடப்பது ஆட்சியிலிருக்கும் முறைமையின் கடன். லினக்ஸ் ஆட்சியேற்றபின் அக்கடன் எவருக்கும் இல்லை. விண்டோஸின் பயனர் பட்டியல் லினக்ஸுக்கு அயலானது. பிரிவை இணைத்தவருக்கே கோப்புகள் யாவும் உரியன போலத் திறந்து தரும். மாணவனொருவன் மாயம் எதுவும் கற்க வேண்டியதில்லை. பட்டியலில் இரண்டாம் வரியைத் தெரிதலே போதும். ஒரே முறைமையுள்ள கணனியும் இதற்கு விலக்கன்று. விரலளவான யூ.எஸ்.பி. நினைவகத்திலிருந்து லினக்ஸை எழுப்பினும் பயன் ஒன்றே. இச்செய்தியை மாணவர்க்கு மறைத்தல் வேண்டும் என்பாருடன் யாம் உடன்படோம். அறிய விழையும் மாணவர் எவ்வாறேனும் அறிவர், அறியாதிருப்பவர் ஆசிரியரே.

கடவுச்சொல் வாயிலைக் காக்கும். ஏட்டினைக் காப்பது மறைகுறியாக்கம். பிரிவில் எழுதப்படுவன யாவும் திறவுகோலின்றி விளங்காதவாறு மாற்றி எழுதப்படுமிடத்து, எம்முறைமை ஆட்சியிலிருப்பினும் காணக்கூடியது பொருளற்ற இலக்கங்களே. விண்டோஸின் பிட்லொக்கர் விஸ்டாவுடன் 2007 இற் பொதுப் பாவனைக்கு வந்தது. லினக்ஸிலும் லக்ஸ் என்னும் ஏற்பாடு உளது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைவார்க்கு மறைகுறியாக்கம் தானாகவே தொடங்கும். ஆகவே, தம் வட்டு மறைகுறியாக்கப்பட்டது என்பதை அறியாதவரும் உளர். அன்னார் அதே வட்டில் லினக்ஸை நிறுவுங்கால், விண்டோஸ் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டு நிற்றல் கூடும். அதனை முன்கூட்டியே தாளில் எழுதி, கணனியோடன்றி வேறிடத்தே வைத்தல் வேண்டும். திறவுகோல் உடையவருக்கு லினக்ஸிலும் வழி அடைபடுவதில்லை. பிட்லொக்கர் பிரிவைத் திறக்கும் ஆற்றலை லினக்ஸின் கிரிப்ட்செட்டப் என்னுஞ் செயலி 2020 இற் பெற்றது.

தமிழிற் கோப்புகளுக்குப் பெயரிடுவார்க்கு வேறொரு சிக்கல் உண்டு. என்.ரீ.எவ்.எஸ். ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடந்தரும். எக்ஸ்ட்-4 தருவது 255 பைட்டுகள். ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறியொன்றோ யூ.ரீ.எவ்.-8 முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘வினாத்தாள்’ என்பது நமக்கு ஐந்தெழுத்து. கணனிக்குப் பத்துக் குறிகள், 30 பைட்டுகள். எனவே 85 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயருடைய கோப்பு விண்டோஸிலிருந்து லினக்ஸின் பிரிவுக்குப் பெயர மறுக்கும். பெயரைச் சுருக்கினால் பெயரும். மறுதலையாக, முக்காற்புள்ளியோ வினாக்குறியோ இட்டு லினக்ஸில் வைத்த பெயரை விண்டோஸ் ஏலாது. கடிகாரமும் இவ்விரண்டுக்கும் பொதுவாக ஒத்துப்போவதில்லை: கணனியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்ளுதலின், லினக்ஸிலிருந்து மீள்வார்க்கு இலங்கையில் விண்டோஸ் 5 மணி 30 நிமிடம் பிந்திக் காட்டுவதுண்டு. இதனைப் பழுதென்று கருதிக் கடிகார மின்கலத்தை மாற்றுவோர் பணத்தை இழப்பர்.

இரு முறைமைகளிலும் நாள்தோறும் பணியாற்றுவோர் மூன்றாவது பிரிவொன்றை அமைத்து, பொதுக் கோப்புகளை அதன்கண் வைத்தல் நன்று. அதற்கு எவ்விலக்கணம் ஏற்றது? ஃபாட்-32, 4 கிகாபைட்டை எட்டும் கோப்பை ஏற்காது. 2006 இல் வந்த எக்ஸ்ஃபாட்டின் விவரங்களை மைக்ரோசொப்ட் 2019 இல் வெளியிட்டமையால் லினக்ஸும் அதனை நன்கு கையாளும். ஆயினும், எழுதுமுன் குறிப்பெழுதி வைக்கும் ஏற்பாடு அதற்கு இன்மையின், இடையில் மின்சாரம் தடைப்படின் மீட்சி அரிது. யூ.எஸ்.பி. நினைவகத்துக்கு எக்ஸ்ஃபாட்டும் வன்வட்டின் பொதுப் பிரிவுக்கு என்.ரீ.எவ்.எஸ்.ஸும் என்பது எமது துணிபு. இப்பிரிவுக்கு இடம் வேண்டி விண்டோஸின் பிரிவைச் சுருக்குங்கால், லினக்ஸின் கருவிகளை விடுத்து விண்டோஸின் வட்டு மேலாண்மையைக் கொண்டே சுருக்குக. சுருக்குமுன் கோப்புகளின் பிரதியை வேறொரு வட்டில் எடுத்து வைத்தல் வேண்டும். பிரிவுகள் எத்தனையாயினும் வட்டு ஒன்றாதலின், அஃது ஒடிந்தால் யாவும் ஒருங்கே போம்.