காற்றுள்ளபோதே ஏற்றிக்கொள்!

புஸ்ஸ்ஸ்...

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டில், கட்டபெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சாயங்காலம் ஆறேகால் மணிக்கு என் சைக்கிளின் பின் டயர் இப்படித்தான் பெருமூச்சு விட்டது. இரண்டு பக்கமும் தேயிலை. மேலே மூடுபனி. செல்போனில் சிக்னல் பூஜ்யம்.

"மலையில எவன் சார் சைக்கிள் ஓட்டறான்?" என்பீர்கள். 2008 டிசம்பரில் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' ஆரம்பித்ததிலிருந்து வெளியூர்க்காரர்களே வந்து ஓட்டுகிறார்கள். உள்ளூர்க்காரன் நான் சும்மா இருக்க முடியுமா? ஆனால் தேயிலைத் தோட்டத்து நடுவில் பஞ்சர் கடைக்கு எங்கே போவது?

நான் கவலைப்படவில்லை. பையில் ஒரு ஸ்பேர் ட்யூப், இரண்டு கார்பன் டை ஆக்ஸைடு குப்பிகள். குப்பி ஒவ்வொன்றும் விரல் நீளம், உள்ளே 16 கிராம் வாயு. வால்வில் மாட்டித் திறந்தால் சில விநாடிகளில் டயர் கிண்ணென்று ஆகிவிடும். ட்யூபை மாற்றி, முதல் குப்பியை அவசரமாகத் திருகினேன். சரியாக உட்காரவில்லை போல... வாயு டயருக்குப் போகாமல் என் கைக்குப் போனது. குப்பி நொடியில் ஐஸாகி விரலைப் பதம் பார்த்துவிட்டது! இரண்டாவது ஜோராக ஏறியது. ஐம்பது அடி போயிருப்பேன். மறுபடி புஸ்ஸ்ஸ்! பழைய ட்யூபைக் குத்திய முள் டயரிலேயே இருந்திருக்கிறது. அதை எடுக்கணும்னு இந்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை.

ஒட்டுப் போடப் பசை இருந்தது. சுற்றிலும் ஊரே புகழும் மலைக்காற்று இருந்தது. அதை டயருக்குள் ஏற்றத்தான் வழியில்லை.

அப்போது தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கறுப்பு முதுகு தெரிந்தது. காட்டெருமை! வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். அது என்னைப் பார்த்தது. இந்த மாச எல்.ஐ.சி. பிரீமியம் கட்டியாச்சா என்று நான் யோசித்தேன். நல்லவேளை, பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது.

"சைக்கிளைத் தூக்கிப் பின்னாடி போட்டுட்டு ஏறுங்க தம்பி. இந்நேரத்துக்கு இங்க நிக்கக்கூடாதுங்க."

வீட்டுக்கு வந்ததும் பி.காம். புத்தி கணக்குப் போட ஆரம்பித்தது. குப்பி ரெவின்யூ செலவு. பஞ்சருக்கு ஒன்று காலி. கைப்பம்ப் கேப்பிடல் செலவு. ஒரு தடவை வாங்கினால் நாம் எத்தனை தடவை முட்டாள்தனம் செய்தாலும் மன்னிக்கும். அதுவுமில்லாமல், குப்பி வாயு ட்யூப் ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும். மறுநாள் டயர் தொளதொள!

உள்ளங்கையில் அடங்கும் பாட்டரி பம்பும் இப்போது கிடைக்கிறது. பட்டனைத் தட்டினால் டர்ர்ர்... சுகமோ சுகம். ஆனால் சார்ஜ் போட மறந்தால் அது வெறும் பேப்பர் வெயிட். ஊட்டிக் குளிரில் பாட்டரியின் தெம்பும் குறையும்.

ஆக, என் ஓட்டு கைப்பம்புக்கே. அதிலும் குட்டி ஹோஸ் உள்ளதாகப் பாருங்கள். நேராகச் செருகுகிற பம்ப், அடிக்கிற அடியில் வால்வின் கழுத்தையே ஆட்டி ட்யூபைக் கிழித்துவிடும். குண்டு டயருக்குப் பருத்த பம்ப், ஒல்லி ரேஸ் டயருக்கு ஒல்லிப் பம்ப். உங்கள் வால்வு மோட்டார் பைக் மாதிரி தடித்த ஷ்ரேடரா, ஒல்லியான பிரெஸ்டாவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஸ்டா என்றால் ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருக்கட்டும். லாரி பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம்.

இன்னொரு விஷயம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. அதனால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போகிற காற்றும் கம்மி. மேட்டுப்பாளையத்தில் 100 அடியில் நிரம்புகிற டயருக்கு ஊட்டியில் சுமார் 120 அடி வேண்டும். மலையில் மூச்சு வாங்குவது நமக்கு மட்டுமில்லை சார், பம்புக்கும்தான்!

வாங்கின அன்றே வாசலில் வைத்து, டயரை முழுசாக இறக்கிவிட்டு அடித்துப் பாருங்கள். நான் அடித்தேன். 240 வரை எண்ணினேன். வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்:

"அங்கிள், வேலையை விட்டுட்டு பஞ்சர் கடை போட்டுட்டீங்களா?"