தி. ஜானகிராமன் படைப்புகளில் காவிரிப் படுகை

தி. ஜானகிராமன் (1921 - 1982) காவிரிப் படுகையின் ஊர்களைத் தமது கதைகளின் முதன்மைக் களமாகக் கொண்ட தமிழ் எழுத்தாளர். இவரது புதினங்களில் ஆறும் ஊரும் கதைமாந்தர் எடுக்கும் முடிவுகளோடு பிணைந்துள்ளன.

பிறந்த மண்

ஜானகிராமன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் பிறந்தார். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பகுதிகள் வெண்ணாற்றுப் பாசனத்தைச் சார்ந்தவை. குறுவை, சம்பா, தாளடி ஆகிய நெற்பருவங்கள் ஆற்றில் நீர் வருவதைப் பொறுத்தே அமைவதால், இங்கு ஆறு அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகும். பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்த ஜானகிராமன், பின்னர் வானொலிப் பணியில் சேர்ந்து சென்னையிலும் தில்லியிலும் வாழ்ந்தார். ஆயினும் அவர் மிகுதியாக எழுதியது, தாம் விட்டுவந்த ஊர்களைப் பற்றியே.

படைப்புகளில் ஆறும் ஊரும்

'அம்மா வந்தாள்' புதினத்தில் காவிரிக்கரை வேதபாடசாலையில் படித்த அப்பு, சென்னையிலுள்ள தன் வீட்டுக்குச் சென்று, இறுதியில் ஆற்றங்கரைக்கே மீள்கிறான். 'உயிர்த்தேன்' புதினத்தின் பூவராகன் நகர வாழ்வை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, வேளாண்மையையும் ஊரையும் சீர்ப்படுத்த முயல்கிறான். 'மோகமுள்' கும்பகோணத்தின் இசைச் சூழலில் வளர்கிறது. சிட்டியுடன் இணைந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி', ஆற்றின் போக்கிலேயே சென்று எழுதப்பட்ட பயண நூலாகும்.

ஒரே நிலம், வேறு பார்வைகள்

இளமைச் சூழல் எழுத்தாளருக்கு நெருக்கமான அறிவைத் தருவதுடன், அவரது பார்வையின் எல்லையையும் ஓரளவு வரையறுக்கிறது. ஜானகிராமனின் கதைகளில் அக்கிரகார, நடுத்தரக் குடும்பங்களே மிகுதி. வயலில் உழைத்த தலித் தொழிலாளரின் வாழ்வு மையமாவது குறைவு.

1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கோரிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' புதினத்தையும், திருவாரூர் பகுதியைச் சேர்ந்த சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' புதினத்தையும் எழுதினர். இந்திரா பார்த்தசாரதியும் கும்பகோணத்தில் வளர்ந்தவரே. எனவே இளமைச் சூழல் மட்டுமே ஒருவரின் எழுத்தை முற்றிலும் தீர்மானிப்பதில்லை; அவர் எந்நிகழ்வை நோக்கித் திரும்புகிறார் என்பதும் முக்கியமாகும்.

இப்படைப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது, காவிரிப் படுகையின் அழகையும் அதன் விளைச்சலுக்குப் பின்னிருந்த உழைப்பையும் ஒருங்கே அறியலாம்.