பச்சோந்திக்கு உயிருள்ள பூச்சியா, செத்த பூச்சியா?

உயிரோடு துடிக்கும் பூச்சியைக் கூண்டுக்குள் விட்டு இரையாக்குவது பாவமில்லையா, கொன்றுவிட்டுப் போட்டால் ஆகாதா? பச்சோந்தி வளர்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் கேட்கும் கேள்விதான் இது. திருவண்ணாமலையில் அதற்குக் கனம் கூடுதல். ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும், ஒரு மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி எழுப்பிய ஊர் இது. அந்தக் கருணையை மதித்தே ஒரு கேள்வியை முன்னால் வைக்கிறேன்: அந்தப் பச்சோந்தி கூண்டுக்குள் எப்படி வந்தது?

இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஒரே ஒரு பச்சோந்தி இனம். அண்ணாமலை அடிவாரம் போன்ற வறண்ட புதர்க்காடும், அதை ஒட்டிய தோப்பும் வேலியும்தான் அதற்கு வீடு. வேலியில் விறுவிறுவென ஓடி, கழுத்து சிவக்கத் தலையாட்டும் ஓணானைப் பலர் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். பச்சோந்தி அப்படி ஓடாது. கிளையைக் கிடுக்கிபோல் கவ்விப் பிடிக்கும் விரல்கள், சுருளும் வால், ஆளுக்கொரு திசையில் சுழலும் இரண்டு கண்கள். இவற்றைப் பார்த்தால் சந்தேகமே வராது. அதற்கு விஷமும் கிடையாது.

1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த இனத்தைப் பாதுகாக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. பிடிப்பதும், பொறி வைப்பதும், அதற்கு முயல்வதும் வேட்டையே. எனவே மலையடிவாரத்துப் பச்சோந்தியைப் பிடித்து வந்து என்னதான் அன்பாக வளர்த்தாலும் அது குற்றம்தான். இச்சட்டத்தை மீறினால் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ‘வாங்கினேன், நான் பிடிக்கவில்லை’ என்ற விளக்கமும் காப்பாற்றாது. விற்பதும் வைத்திருப்பதும் குற்றத்துக்குள்ளேயே வருகின்றன.

வெளிநாட்டு இனங்களின் கதை வேறு. வளர்ப்புச் சந்தையில் அதிகம் புழங்குபவை ஏமன், சவூதி பகுதியின் முக்காட்டுப் பச்சோந்தியும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியும். இரண்டும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கின்றன. குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கடத்திவரும் ஊர்வன சென்னை விமான நிலையத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. ஆவணமில்லாமல் விற்கும் கடைக்காரர் அந்தக் கடத்தலைத்தான் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறார். காகிதம் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

முறையாகப் பதிவு செய்து வளர்ப்பவருக்கு முதல் கேள்வி மிச்சமிருக்கிறது. பச்சோந்தியின் கண் அசைவைத் தேடும் கண். அசையும் இரையைக் குறிபார்த்து, உடலின் நீளத்தையே மிஞ்சும் நாக்கை வீசிப் பிடிக்கும். செத்த பூச்சியை இடுக்கியில் பிடித்து அசைத்துக் காட்டினால் சில வாங்கிக்கொள்ளும். பெரும்பாலானவை திரும்பியும் பார்க்காது. மனம் கேட்கவில்லை என்று செத்ததையே வைத்துப் பட்டினி போட்டால் பூச்சியின் துன்பத்தைத் தவிர்த்து விலங்கின் துன்பத்தைக் கூட்டியதாகத்தான் ஆகும். போதிய உணவு, நீர், இருப்பிடம் தராத உரிமையாளர் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் சிக்குவார்.

உயிருள்ள இரையிலும் ஆபத்து உண்டு. தின்னாமல் விட்ட பாச்சைகள் இரவில் தூங்கும் பச்சோந்தியையே கடிக்கும். மீந்ததை எடுத்துவிட வேண்டும். வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிமருந்து இருக்கலாம். வளர்ப்புப் பூச்சிக்குக் கீரை, காய் கொடுத்து, சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவித்தான் இரையாக்க வேண்டும். அதுவும் புற ஊதா ஒளியும் குறைந்தால் எலும்பு மெலிந்து கால்கள் வளைந்துவிடும். கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் சீண்டாது. இலையில் துளி துளியாய் நிற்பதைத்தான் நக்கிக் குடிக்கும். சோறும் பழமும் போட்டு நம்மூர்ப் பச்சோந்தியைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள், அறியாமலே அதைக் கொல்கிறார்கள்.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. மனிதரல்லாத எந்த உயிரும் அதன் பார்வையில் ‘விலங்கு’. வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை அடைத்துவைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதை 11ஆம் பிரிவு குற்றம் என்கிறது. பசிக்கு உணவு கொடுப்பது அதில் வராது. ரீல்ஸ் எடுக்கவென்றே எலிக்குஞ்சையும் பல்லியையும் கூண்டில் விட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்பதே என் எண்ணம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். இவ்வளவு சொற்பமாக இருப்பது வேதனை. கையில் எடுத்ததும் பச்சோந்தி கருத்துப்போவதை வித்தையாகக் காட்டும் காட்சிகளும் வருகின்றன. பெரும்பாலும் அது பயத்தின் நிறம்.

கிரிவலப் பாதையில் ஒன்றைக் கண்டால்? முட்டையிடப் பெண் பச்சோந்தி தரைக்கு இறங்கும். மெதுவாக நடப்பதால் வண்டியில் நசுங்கும். வாகனத்தை நிறுத்தி, ஒரு குச்சியை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கமே, அருகிலுள்ள புதரில் விட்டுவிடுங்கள். தொலைவான தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் ஒரு கிளையோடு வைத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வனவிலங்கு எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்படைக்கும்போது தேதி, நேரம், கண்டெடுத்த இடம் எழுதி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனையைக் கண்டால் விளம்பரத்தின் படத்தையும் இணைப்பையும் சேமித்து வனத்துறைக்கோ, சென்னையில் மண்டல அலுவலகம் உள்ள வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கோ அனுப்பலாம். ‘மீட்கிறேன்’ என்று காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள். அந்தக் காசில்தான் அடுத்த பச்சோந்தி பிடிபடும்.