ஆட்டுத்தோலில் கத்தி படலாமா?

கோயில் கொடைக்கோ தீபாவளிக்கோ கிடா வெட்டும்போது, கறியில் இருக்கிற கவனம் நமக்குத் தோலில் இருப்பதில்லை. 'தோல்தானே' என்று அவசரத்தில் கீறிவிடுகிறோம். அந்தக் கீறல் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட பிறகும் மறையாது. விலைதான் குறையும்.

சரி, எப்படி உரிக்கணும்? ரத்தம் நன்றாக வடிந்ததும் பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிடுங்கள். கழுத்திலிருந்து வயிற்றின் நடுவே நேராக ஒரே கீறல். கால்களின் உட்புறம் ஒவ்வொரு கீறல். கத்திக்கு வேலை பெரும்பாலும் அத்தோடு சரி. பிறகு கை முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே கொடுத்துத் தள்ளுங்கள். சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். ஒட்டிய இடத்துக்கு மட்டும் முனை மழுங்கிய வளைந்த கத்தி போதும்.

உரித்த தோலை வெயிலில் போடாதீர்கள். ஒட்டிய சதை, கொழுப்பை நீக்கிக் கழுவி, நீரை வடித்து, சதைப்பக்கம் மேலே வர நிழலில் விரியுங்கள். இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோ வரை உப்பு பிடிக்கும். ஓரம், மடிப்பு விடாமல் தேயுங்கள். நான்கைந்து மணிக்குள் முடித்துவிடணும். பழைய உப்பு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. ஆடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும். அதை அறுக்கவோ உரிக்கவோ வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்படி ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். ஒரு தோலுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?