சாட்சியும் நிழலும்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூர் என்னும் பழம்பதி வருகிறது. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் அங்கே மூன்று கோயில்கள் எடுப்பித்தான். அவற்றுள் இரண்டு இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். ஒரு கோயில் அங்கே இருந்தது என்பதற்கு அவ்வடித்தளம் போதிய சாட்சிதான். ஆனால் உச்சிவெயிலில் ஒதுங்கி நிற்க அது நிழல் தராது. எயிட்ஸ் நோய்க்குத் தடுப்பூசி காண நாற்பது ஆண்டுகளாகப் பாடுபட்டுவரும் விஞ்ஞானிகளை அலைக்கழிக்கும் சங்கடமும் இத்தகையதே.

எச்.ஐ.வி. என்னும் கிருமி தேகத்தில் புகுந்த சில வாரங்களில் ரத்தத்தில் அதற்கெதிரான புரதங்கள் தோன்றுகின்றன. இவற்றை எதிர்ப்பொருள்கள் என்பர். பிற நோய்கள் பலவற்றில் எதிர்ப்பொருள் இருக்கிறதென்றால் காவல் இருக்கிறதென்று பொருள். இந்நோயிலோ, எதிர்ப்பொருள் இருக்கிறதென்றால் கள்வன் ஏற்கெனவே வீட்டினுள் இருக்கிறான் என்று பொருள். கிருமி ஓயாமல் உருமாறிக்கொண்டே போவதால், நேற்றைய உருவுக்கென்று பிறந்த எதிர்ப்பொருள் இன்றைய உருவைப் பற்ற மாட்டாமல் நிற்கிறது.

இத்தேசத்தில் இக்கிருமி பரவியிருப்பது வெளிப்பட்டதே எதிர்ப்பொருளைக் கொண்டுதான்; வெளிப்பட்டதும் நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த டாக்டர் நிர்மலா, தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, விபசார வழக்குகளில் கைதாகிக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அதைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் எலைசா என்னும் முறையால் சோதித்தபோது, ஆறு பேருடைய ரத்தம் நிறம் மாறிற்று. முடிவை ஊர்ஜிதம் செய்ய மறுபடியும் ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டியிருந்தது. எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இதை டாக்டர் நிர்மலாவே பின்னாளில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். தேசம் விழித்துக்கொண்டது அவர்கள் ரத்தத்தால். அவர்களுக்கு அதனால் விளைந்த நன்மை யாதென்று நாம் கேட்டதுண்டா?

எலைசா கூறுவது சாட்சி மட்டுமே. தடுப்பூசி காண்பவனுக்கு அது போதாது. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதன்று அவன் கேள்வி. அது கிருமியை மடக்குமா என்பதே கேள்வி. இதை அளக்க ஓர் அழகிய உபாயம் கண்டிருக்கிறார்கள். கிருமி உள்ளே நுழைந்தால் மின்மினிப் பூச்சியின் ஒளிப்பொருளைத் தாமே உண்டாக்கும்படி சில உயிரணுக்களை வளர்த்து வைக்கிறார்கள். ரத்தத்தின் தெளிநீரைப் படிப்படியாக நீர்க்கச்செய்து, ஒவ்வொரு படியையும் கிருமியோடு கலந்து அவ்வுயிரணுக்களின் மேல் விடுகிறார்கள். இரண்டு நாள் கழிந்தபின் வெளிச்சத்தை அளக்கிறார்கள். வெளிச்சம் குன்றினால் கிருமி மடக்கப்பட்டதென்று அர்த்தம். எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறதோ, அத்தனையே அந்த ரத்தத்தின் வலிமை.

இதிலும் ஏமாற்றத்துக்கு இடமுண்டு. ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் வளர்ந்து சாதுவாகிப்போன கிருமிகளை எந்த ரத்தமும் எளிதில் மடக்கிவிடும். மனிதரிடையே புழங்கும் கிருமியோ முரடு. தொழுவத்தில் கட்டிய கன்றை அடக்கிவிட்டு ஜல்லிக்கட்டில் வென்றதாகச் சொல்லலாமா? எனவே கிருமிகளை எளியவை, கடியவை எனத் தரம் பிரித்து, பல நாட்டுக் கிருமிகளையும் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதே இப்போதைய வழக்கம்.

அளவுகோல் பொய்த்தால் என்ன நேரும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா உதாரணம். தாய்லாந்தில் பதினாறாயிரம் பேருக்கு மேல் பங்குகொண்ட பரீட்சையில், 31 சதவீதம் காப்பு கிட்டியதாக 2009இல் தெரிய வந்தது. கிருமியை மடக்காமல் அதன் மேலுறையில் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் மிகுந்தவர்களுக்கே காப்பு அதிகம் என்று 2012இல் கணித்தனர். அவ்வூசியைத் தென்னாப்பிரிக்கக் கிருமிக்கு ஏற்றவாறு மாற்றி, முதலில் சிலருக்குப் போட்டுப் பார்த்ததில், எதிர்ப்பொருள் வகுத்திருந்த அளவுகளை எட்டிற்று. அதை நம்பி 5,400 பேருக்குமேல் சேர்த்துப் பெரும் பரீட்சை தொடங்கினர். 2020 பிப்ரவரியில் கணக்குப் பார்த்தபோது ஊசி பெற்றவர்களில் 129 பேருக்கும், வெறும் ஊசி பெற்றவர்களில் 123 பேருக்கும் நோய் தொற்றியிருந்தது. பரீட்சை அத்துடன் நிறுத்தப்பட்டது.

ஆயினும் கோலைத் திருத்த வழி பிறந்திருக்கிறது. தயாராகச் செய்த ஓர் எதிர்ப்பொருளை சுமார் 4,600 பேரின் ரத்தத்தில் நேரே செலுத்திப் பார்த்த பரீட்சையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. மொத்தத்தில் அது தொற்றைத் தடுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் எளிதில் மடங்கிய கிருமி வகைகளை மட்டும் 75 சதவீதம் தடுத்தது. கண்ணாடித் தட்டில் அளந்ததற்கும் மனித உடலில் நிகழ்ந்ததற்கும் உறவு உண்டென்பது இதனால் புலனாயிற்று. அத்தகைய கிருமிகள் புழக்கத்தில் இருந்தவற்றுள் முப்பது சதவீதமே.

இங்கேதான் நம் தேசத்தின் பங்கு வருகிறது. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது சி என்னும் இனத்துக் கிருமி. நம் நாட்டுச் சி இனக் கிருமியின் மரபுக்கூறுகளைக் கொண்டு சமைத்த ஊசி, 2006இல் சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 32 பேரிடம் பரீட்சிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன் புனேயிலும் வேறோர் ஊசி பரீட்சிக்கப்பட்டது. 2009இல் சென்னையிலும் புனேயிலுமாக இன்னொன்று நடந்தது. காப்பளிக்குமா என்று காணும் பெரும் பரீட்சையாக அவை வளரவில்லை. அதற்காக நாம் வருந்தவேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் அனுபவம் கண்முன் இருக்கிறது. நம் கிருமிகளை வரிசைப்படுத்தி வைத்து, நம் ஜனங்களின் ரத்தத்தை நம் ஆய்வுக்கூடங்களிலேயே அளக்கும் வேலை இடையறாது நடக்கிறதா என்பதே சர்க்காரை நாம் கேட்கவேண்டிய கேள்வி. அந்நியர் தங்கள் கிருமிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தும் என்று எந்தச் சாஸ்திரமும் உறுதி கூறவில்லை.

சட்டசபையிலும் பொதுமேடைகளிலும் பேசும் ஊழியர்கள் கவனிக்கத்தக்கது இன்னொன்றும் உண்டு. பரீட்சை ஊசி போட்டுக்கொண்டவர் உடலில் கிருமி இராது. எதிர்ப்பொருள் மட்டும் இருக்கலாம். சாதாரண எலைசாவோ அவரை நோயாளி என்று சொல்லிவிடும். வெளிநாட்டு வேலைக்கும் ரத்ததானத்துக்கும் ஆயுள் இன்ஷ்யூரன்ஸுக்கும் செல்லுமிடத்தில் அவருக்கு இடையூறு நேரலாம். பெண் கொடுக்கும் வீட்டில் வதந்தி பரவலாம். கிருமியையே நேரில் தேடும் வேறு சோதனை இருக்கிறது. அச்சோதனையை எத்தனை ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் அவர்களுக்கு இலவசமாகச் செய்து, சான்றும் கொடுக்கச் சர்க்கார் சட்டபூர்வமாகக் கடமைப்படவேண்டும்.