மூன்று வாரம் தோட்டம் தாங்குமா? ஜப்பான் போக நினைக்கும் உழவர் தம்பதிகளுக்கு

நம் உழவர் வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போவது அபூர்வம். கல்யாணமோ சாவோ, ஒருவர் போவார், ஒருவர் இருப்பார். கேட்டால் "மாடு இருக்கே" என்பது பதில். மாடு இல்லாத வீட்டில் "காட்டெருமை இறங்குதே" என்பார்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள சிறு காபித் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. பயிற்சி முகாம், பண்ணைப் பார்வை என்றாலும் ஆண்தான் போய்வருவார். விதை காப்பது, பழம் பறிப்பது, காயவைப்பது, கணக்கு வைப்பது எல்லாம் பெண்கள் கையில் இருந்தாலும், பார்த்துவிட்டு வந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு சரி.

நானும் எங்க வீட்டுக்காரரும் மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறோம். இருவரும் சேர்ந்து மூன்று வாரம் ஜப்பான் போவது என்று முடிவு செய்து திட்டம் போட்டுவருகிறோம். "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று சிரித்தவர்கள் உண்டு. கொச்சியில் சின்ன டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியை அவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். நாளுக்கு 300 ரூபாய் எடுத்து வைத்து, குறைக்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அடைத்து, 25க்கும் மேற்பட்ட நாடுகளை இருவருமாகப் பார்த்தார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமானார். அதற்குச் சில வாரம் முன்புதான் ரஷ்யா போய்வந்திருந்தார்கள்.

ஏன் ஜப்பான்?

'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்துவிட்டு இயற்கை வழிக்கு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை எழுதிய மசானோபு ஃபுகோகா 1913இல் பிறந்து 2008இல் மறைந்தவர். ஷிகோகு தீவில் எஹிமே மாகாணத்து இயோ ஊர்க்காரர். மலைச்சரிவில் ஆரஞ்சு வகை மரங்கள், கீழே நெல் என்பது அவர் நிலம். நம் மலைக்காரர்களுக்கு அந்தச் சரிவு அந்நியமாக இருக்காது.

அவரோடு கதை முடியவில்லை. 1971இல் ஜப்பான் இயற்கை வேளாண் சங்கம் தொடங்கியது. விளைவிப்பவரும் சாப்பிடுபவரும் தரகர் இல்லாமல் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் 'தெய்கெய்' முறை அங்கே வளர்ந்தது. நாம் இன்று வாட்ஸ்அப் குழுவில் காய்கறிக் கூடை விற்கிறோமே, அதற்கு மூத்த அண்ணன்.

எந்த மாதம்?

சகுரா பூக்கும் ஏப்ரலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நமக்கு ஒத்துவராது. மார்ச், ஏப்ரலில் பூ மழையை எதிர்பார்த்துத் தோட்டத்தில் நிற்கணும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே தொடர் விடுமுறை. அறை கிடைப்பது கஷ்டம், விலையும் கூடும். மே, ஜூனில் நமக்கு நிழல் மரம் கவாத்து. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும்.

மிஞ்சுவது செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் நடு வரை. களை எடுத்து முடித்திருப்போம், காய் பச்சையாக இருக்கும். அங்கே நெல் அறுவடைக் காலம். புயல் வரும் பருவமும் அதுதான் என்பதால், திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விட்டு வைக்கணும்.

எந்த வழி?

மூன்று வாரத்தில் நாடு முழுவதும் ஓடினால் ரயில் ஜன்னல்தான் மிஞ்சும். ஐந்து இடம் போதும் என்று வைத்துக்கொண்டோம். ஒசாகாவில் இறங்கி டோக்கியோவில் ஏறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

முதலில் டோகுஷிமா மாகாணத்துக் கமிகட்சு. 1,500க்கும் குறைவான பேர் வாழும் மலை ஊர். 1981 குளிரில் ஆரஞ்சு மரங்கள் செத்துப் போயின. 1986 முதல் அந்த ஊர்க்காரர்கள், முக்கியமாக வயதான பெண்கள், உணவுத் தட்டை அலங்கரிக்கும் இலை, பூக்களைப் பறித்து விற்கத் தொடங்கினார்கள். இன்றும் அந்தத் தொழில் நடக்கிறது. 2003இல் குப்பையில்லா ஊர் என்று அறிவித்து, கழிவை 40க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். சீசன் முடிந்ததும் பிளாஸ்டிக் குவியும் ஏற்காட்டுக்கு இது பார்க்க வேண்டிய பாடம்.

அடுத்தது இயோ. ஃபுகோகாவின் நிலம் சுற்றுலாத் தலம் அல்ல, குடும்பத்தின் நிலம். கடிதம் எழுதி, சம்மதம் வந்தால்தான் உள்ளே போகணும். வராவிட்டால் பக்கத்து மட்சுயாமாவில் தங்கி, அந்த ஆரஞ்சுச் சரிவுகளையும் வயல்களையும் நடந்து பார்த்துவிட்டு வரலாம்.

மூன்றாவது ஷிசுவோகா மாகாணத்துக் ககெகவா. இங்கே தேயிலை விவசாயிகள் தோட்டத்தைச் சுற்றிப் புல்வெளியை வளர்த்து, இலையுதிர் காலத்தில் அறுத்து, காயவைத்து, செடி வரிசைகளுக்கு நடுவே மூடாக்குப் போடுகிறார்கள். அந்தப் புல்வெளியில் அரிய செடிகளும் பூச்சிகளும் பிழைத்திருக்கின்றன. 'சகுசபா' எனப்படும் இம்முறையை 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. நம் காபிக்கு மூடாக்குப் புல் எங்கே வளர்ப்பது என்று யோசிப்பவர்கள் இரண்டு நாளாவது இங்கே இருக்கணும்.

நான்காவது டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ரயில் தூரத்தில் ஒகாவா. யோஷினோரி கனேகோ 1971இல் தனி ஆளாக இயற்கை வேளாண்மை தொடங்கிய இடம். அக்கம்பக்கம் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தது.

கடைசியாக நசுஷியோபராவில் ஆசிய ஊரக நிறுவனம். 1973 முதல் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு ஊரகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஆங்கிலத்திலேயே பேசலாம். கால்நடை இருப்பதால் இதைக் கடைசியில் வைத்தோம். நாம் கோமாரி நோய் உள்ள நாட்டிலிருந்து போகிறோம். மாடு, பன்றி வளர்க்கும் எந்தப் பண்ணைக்கும் வந்து எத்தனை நாள் ஆச்சு என்று சொல்லி, அனுமதி கேட்டே போகணும்.

காகிதமும் காசும்

பாஸ்போர்ட்டில் இருவர் பேரும் இனிஷியல் விரித்து ஒரே மாதிரி இருக்கட்டும். ஜப்பான் விசாவுக்குப் பயணத் திட்டமும் வருமானச் சான்றும் கேட்பார்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் நம்மில் பலரிடம் வருமான வரிக் கணக்கு இருக்காது. அதனால் ஒரு வருஷம் முன்பிருந்தே காபி, மிளகு விற்ற பணம் வங்கி வழியாக வரட்டும். சிட்டா, வருமானச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு செல்லுமா என்று விசா மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். சுற்றுலா விசாவில் கூலி வேலை செய்யக் கூடாது. பண்ணை வீட்டில் காசு கொடுத்துத் தங்குவதே பாதுகாப்பு.

ஒரு யென் 60 காசு என்று வைத்து இருவருக்கும் நாங்கள் போட்ட கணக்கு இது: விமானம் 1,00,000 ரூபாய், தங்கல் 1,20,000, ரயில், பேருந்து 75,000, சாப்பாடு 60,000, விசா, காப்பீடு, மற்றவை 40,000, நாங்கள் இல்லாதபோது தோட்டத்து ஆள் கூலி 30,000, கைச்செலவுக்கு 25,000. ஆக 4,50,000. மூன்று வருஷத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 411 ரூபாய். சின்னத் தொகை இல்லை. மிளகுப் பணத்தைத் தொடாமல் வைத்தால் முடியும். கடன் வாங்குவதில்லை என்பது எங்கள் முடிவு. சுற்றுலாப் பயணிகளுக்கான 21 நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் ஒரு லட்சம் யென் ஆகிவிட்டது. மெதுவாகப் போகும் நமக்குத் தனித்தனி டிக்கெட்டும் பேருந்துமே மலிவு.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்கணும். காய்கறிக் குழம்பு என்று தெரிவதிலும் மீன் சாறு இருக்கும். கோயில்களில் கிடைக்கும் 'ஷோஜின்' சாப்பாடு சைவம்.

விதை ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. அங்கிருந்து ஒரு பிடி நெல்லைப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது, இங்கிருந்தும் கொண்டுபோகக் கூடாது. தாவர நலச் சான்றும் அனுமதியும் இல்லாமல் வரும் விதையோடு நோயும் வரும். செருப்பில் மண்கூட ஒட்டியிருக்கக் கூடாது. அன்பளிப்பாகக் கொடுக்க நம் தோட்டத்துக் காபியை வறுத்து அரைத்துக் கொண்டுபோவோம்.

தோட்டத்துக்கு ஒத்திகை

இதுவரை சொன்னது எல்லாம் எளிது. மூன்று வாரம் நாம் இல்லாமல் தோட்டம் தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வி. ஆள் நிற்காவிட்டால் நாலு நாளில் வாடிவிடும் தோட்டம், நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது. மூடாக்கு தடிமனாக இருந்தால் தண்ணீர் கவலை குறையும். நிழல் சீராக இருந்தால் களை குறையும். காய்த்துளைப்பான் விழுந்த காய்களைப் பொறுக்கிவிட்டுக் கிளம்பினால் பயம் குறையும். வேலையைக் குறைத்துக்கொண்டே போனதுதான் ஃபுகோகாவின் வழி. அவர் ஊருக்குப் போகத் தோட்டத்தைத் தயார் செய்வதும் அந்த வழியிலேயே நடக்கட்டும்.

மாட்டுக்கு மனுஷர் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துத் தம்பதியோடு பேசி வைத்திருக்கிறோம். நாங்கள் போகும்போது அவர்கள் எங்கள் மாட்டைப் பார்ப்பார்கள், அவர்கள் மகள் வீட்டுக்குப் போகும்போது நாங்கள் அவர்கள் மாட்டைப் பார்ப்போம். ஊருக்கு நாலு குடும்பம் இப்படிச் சேர்ந்தால் யாரும் தொழுவத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் வருஷம் மூன்று நாள், அடுத்த வருஷம் ஒரு வாரம், அதற்கடுத்து மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் எது கெட்டது, எது தாங்கியது என்று குறித்து வையுங்கள். ஜப்பான் போகாவிட்டாலும் அந்தக் குறிப்பு உங்கள் தோட்டத்துக்கு உதவும். முதல் மூன்று நாளுக்குத் தஞ்சாவூருக்கோ ராமேஸ்வரத்துக்கோ போங்கள். இருவருமாகப் போங்கள்.